பாரிஸ் முதல் வெனிஸ் வரை: எங்களுக்கேற்ற ரயில் பாஸைத் தேர்ந்தெடுத்த விதம்

பாரிஸில் வசிக்கும் அக்காவும், சென்னையிலிருந்து அம்மாவும் நானும் சேர்ந்து பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி வழியாக ரயிலில் செல்லத் திட்டமிட்டபோது, மூவருக்கும் ஒரே வகைப் பாஸை வாங்க இயலாது என்பது முதலில் தெரியவந்தது. ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். இதைத் தீர்மானிப்பது குடியுரிமை அன்று, வசிக்கும் நாடு. எனவே இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அக்காவுக்கு உரியது இன்டர்ரெயில்தான். அதில் தாம் வசிக்கும் நாட்டுக்குள், நாட்டை விட்டு வெளியேற ஒரு பயணம், திரும்ப ஒரு பயணம் என்ற அளவில்தான் செல்லலாம். பாரிஸிலிருந்து புறப்படும் எங்கள் திட்டத்துக்கு அது தடையாக இருக்கவில்லை.

அடுத்த கேள்வி, எத்தனை நாளுக்கான பாஸ் என்பது. இவ்விரு வகையிலும் உள்ள, 33 நாடுகளில் செல்லுபடியாகும் குளோபல் பாஸில், 15 நாள் போன்ற தொடர் பாஸ்களும், ஒரு மாதத்துக்குள் நமக்கு வேண்டிய 4, 5 அல்லது 7 நாட்களில் மட்டும் பயன்படுத்தும் பாஸ்களும் உண்டு. பயணம் இரண்டு வாரம் என்பதால் தொடர் பாஸே பொருத்தம் என்று உறவினர் பலர் சொன்னார்கள். ஆனால் பாரிஸ்–லூசெர்ன், லூசெர்ன்–இன்டர்லாக்கன், இன்டர்லாக்கன்–மியூனிக், மியூனிக்–வியன்னா, வியன்னா–வெனிஸ் என்று எழுதிப் பார்த்தபோது, தொலைதூர ரயிலில் ஏறும் நாட்கள் ஐந்துதான். எனவே 5 நாள் பாஸே எங்களுக்குப் போதுமானது. ஒரே பயண நாளில் எத்தனை ரயில் மாறினாலும் ஒரு நாளாகவே கணக்கு. நள்ளிரவுக்கு முன் ஏறி மறுநாள் காலை மாறாமல் இறங்கும் இரவு ரயிலுக்கும் புறப்படும் நாள் மட்டுமே கழியும். வியன்னா–வெனிஸ் நைட்ஜெட் இரவு ரயிலை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். நகரத்துக்குள் சுற்றும் நாட்களுக்கு இந்தப் பாஸ் பயன்படுவது குறைவு. மெட்ரோவுக்கும் டிராமுக்கும் பொதுவாகத் தனி டிக்கெட்தான்.

மிக அதிகமாக யோசிக்க வேண்டியிருந்தது இருக்கை முன்பதிவு பற்றித்தான். பாஸ் கையில் இருப்பதால் எந்த ரயிலிலும் ஏறிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. லூசெர்னுக்குப் போகும் வழியில் வரும் பாரிஸ்–சூரிச் டிஜிவி லிரியா அதிவேக ரயிலில் முன்பதிவு கட்டாயம். அதற்கான கட்டணம் பாஸ் விலைக்கு மேல் தனியானது. பிரான்ஸின் அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருப்போருக்கு ஒதுக்கப்படும் இடங்கள் குறைவு என்பதால், அந்த இடம் கிடைக்கும் தேதியை உறுதிசெய்துகொண்டே மற்ற நாட்களை அமைத்தோம். நைட்ஜெட்டில் படுக்கைக்கும் முன்பதிவு வேண்டும். மாறாக, சுவிட்சர்லாந்தின் வழக்கமான ரயில்களிலும், ஜெர்மனியின் ஐசிஇ அதிவேக ரயில்களிலும், மியூனிக்–வியன்னா ரெயில்ஜெட் ரயிலிலும் முன்பதிவு கட்டாயமில்லை. இத்தாலியில் ஃப்ரெச்சாரோசா அதிவேக ரயிலுக்குக் கட்டணத்துடன் முன்பதிவு வேண்டும். தனியார் நிறுவனமான இத்தாலோவின் ரயில்களில் இந்தப் பாஸ் செல்லாது.

ஒவ்வொரு பிரிவுக்கும் முன்கூட்டியே தனி டிக்கெட் எடுத்தால் மலிவாகுமா என்றும் கணக்கிட்டோம். பல பிரிவுகளில் ஆகும். ஆனால் அந்த மலிவு டிக்கெட்டுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ரயிலோடு கட்டுண்டவை. அம்மா களைத்துவிட்டால் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் போகும் வசதி எங்களுக்கு அந்த வித்தியாசத்தைவிட முக்கியமாக இருந்தது. 60 வயது கடந்தவர்களுக்குச் சலுகை இருந்ததும் உதவியது. 27 வயது வரையுள்ள இளையோருக்கும் தனிச் சலுகை உண்டு.

சுவிட்சர்லாந்திலேயே பெரும்பகுதி நாட்களைக் கழிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. ஏரிப் படகு, பேருந்து, நகர டிராம், ரிகி மலை ரயில், 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய சுவிஸ் டிராவல் பாஸே அவர்களுக்கு ஏற்றது.

விசா கிடைத்த பிறகே பாஸை வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் தொடங்கிவைக்கலாம் என்பதால் அவசரப்படத் தேவையிருக்கவில்லை. செயலியில் கடவுச்சீட்டு எண்ணைச் சரிபார்த்துப் பதிந்து, ஒவ்வொரு பயண நாளையும் ரயில் ஏறுவதற்குச் சற்று முன்பு மட்டுமே தொடங்கினோம். முன்கூட்டியே தொடங்கிவைத்த பயண நாளை, திட்டம் மாறினால், அந்த நாள் பிறப்பதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும்.