எந்த இடப்பெயர்வுக்கு முன்னாலை?

வட இலங்கையில் வன்னியில் இருக்கிற கிளிநொச்சிக்கு வந்த மூன்றாம் நாள் விடிய, நான் அறை எடுத்திருக்கிற வீட்டுக்கார அக்கா கிணற்றடியில் நின்று வேலிக்கு அங்காலை இருந்தவரைக் கேட்டார்: "குளம் எத்தினை அடியாம்?" "முப்பத்திரண்டாம்." அவ்வளவுதான் கதை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் அலுவலைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த ஒற்றை வரி எனக்கு விளங்கப் பத்து நாள் எடுத்தது. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதோ, அதை வைத்துத்தான் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெல்லுக்கு, எவ்வளவு நிலம் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். ஒருவருக்கு எத்தனை ஏக்கர் பங்கு என்பதும் அதிலேயே வந்துவிடும். அடகில் இருக்கிற சங்கிலியை மீட்பதா விடுவதா, வீட்டுக்குச் சாந்து பூசுவதா, மகளின் கலியாணத்தை ஆவணியில் வைப்பதா என்பதெல்லாம் அந்த அடிக்கணக்கில் இருந்துதான் தொடங்குகிறது. ரொறன்ரோவில் இருந்து இரண்டு பெட்டி நிறையக் குறிப்புகளோடு வந்தவள் நான். இங்கே எனக்குக் கிடைத்த முதல் பாடம் கிணற்றடியில் நடந்தது.

என் வயது நாற்பத்திரண்டு. பத்தொன்பது வருடம் ஸ்காபரோவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்துவிட்டு வரலாறு படிக்கத் திரும்பிப் போனேன். இப்போது முனைவர் பட்டத்துக்கான களவேலைக்காக ஒரு வருடம் வன்னியில் இருக்கிறேன். பலர் கேட்கிறார்கள், கனடாவை விட்டிட்டு இஞ்சை என்ன படிப்பு என்று. காரணம் அம்மா. 1995 ஒக்ரோபர் முப்பதாம் திகதி சண்டையால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து சனத்தோடு சனமாக வெளிக்கிட்டு, பிறகு கிளாலியால் இரவு வள்ளம் ஏறி வன்னிக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. நாலு மாதம் ஒரு குடும்பத்தின் வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். கொழும்பு, பிறகு கனடா. அம்மா சாகும்வரை அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தா: "திட்டத்து ஆக்கள். தங்கடை நெல்லுமூட்டையை அவிட்டுத் தந்தவை." என்ன திட்டம், யார் அந்த ஆக்கள் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் இன்றைக்கு என் ஆய்வு.

திட்டம் என்றால் குடியேற்றத் திட்டம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டு, 1930களில் இருந்து காடு வெட்டி, வாய்க்கால் இழுத்து, யாழ்ப்பாணத்தில் காணியில்லாமல் இருந்தவர்களைக் கொண்டுவந்து இருத்தினார்கள். கிளிநொச்சி நகரம் உண்டானதே அப்படித்தான். இன்றைக்கும் உருத்திரபுரத்தில் வீடு கேட்டால் "எட்டாம் வாய்க்கால்", "பத்தாம் வாய்க்கால்" என்றுதான் வழி சொல்லுவார்கள்.

இருந்து பழகுவது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. தண்ணீரில் கல்சியம் கூட. கேத்திலின் அடியில் ஒரு கிழமையில் வெள்ளைப் படை பிடித்துவிடும், குடிக்க வடிகட்டின தண்ணீர் வாங்கவேண்டும். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் சைக்கிள் உழக்க முடியாது. ஆனபடியால் ஆட்களைச் சந்திப்பது காலை ஏழு தொடக்கம் ஒன்பது, பிறகு பின்னேரம். நடுப்பகலில் அறையில் ஃபான் காற்றில் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுவேன். என் பேராசிரியரோடு கதைப்பது அங்கத்தைய காலை பத்து மணி, இங்கே இரவு எட்டரை. பங்குனியில் அவர்கள் மணிக்கூட்டை முன்னுக்கு மாற்றினவுடன் அது ஏழரையாகி, அக்கா புட்டு அவிக்கிற நேரத்தோடு வந்து மோதியது. "நீங்கள் கதையுங்கோ பிள்ளை, நான் மூடி வைக்கிறன்" என்பா. அந்த மூடின கோப்பை இல்லாவிட்டால் இந்தப் படிப்பு நடக்காது. நன்றியுரையில் முதல் பெயர் யாருடையது என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வந்த புதிதில் நான் செய்த பிழை, ஆண்டு கேட்டது. "நீங்கள் இந்த வீடு கட்டினது எத்தினையாம் ஆண்டு ஐயா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்: "எந்த இடப்பெயர்வுக்கு முன்னாலை கேக்கிறியள்?" இன்னொரு அம்மாவும் அதே கேள்வியைக் கேட்டா. பிறகு இன்னொருவர். இங்கே காலம் நாட்காட்டியில் ஓடவில்லை. சத்ஜெய, ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கைகள், சமாதான காலம், சுனாமி, 2009-ல் முடிந்த கடைசிச் சண்டை, முகாம், மீள்குடியேற்றம். 1996 புரட்டாதியில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்ததும், 2002 மாசியில் போர்நிறுத்தம் வந்ததும் எனக்குத் தெரியும்; புத்தகத்தில் படித்தவை. ஆனால் "சமாதான காலம்" என்று ஒருவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் இளகுவது புத்தகத்தில் இல்லை. வீட்டுக்குக் கூரை ஓடு போட்டது, பிள்ளை ஏஎல் சோதனை எடுத்தது, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் ஏ-9 வீதி திறந்து வந்து கட்டிப்பிடித்து அழுதது எல்லாம் அதற்குள்தான். நான் என் அத்தியாயங்களை அரசாங்கங்களின் ஆண்டுகளின்படி பிரித்து வைத்திருந்தேன். அந்த அடுக்கை முழுவதும் கலைத்துவிட்டு, ஆட்கள் சொல்லுகிற காலங்களின்படி மறுபடி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது சிக்கல் ஒப்புதல் படிவம். ஒருவரிடம் கதை கேட்கமுன் அவருடைய சம்மதத்தைக் கையொப்பமாக வாங்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் தந்துவிட்டார்கள். நல்ல நோக்கம்தான், ஆய்வு என்ற பெயரில் யாரையும் ஏமாற்றக்கூடாது. ஆனால் இந்த மண்ணில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது என்ன என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. முகாமில் வைத்த கையெழுத்துகள், காணாமல் போன பிள்ளைக்காக வைத்த கையெழுத்துகள், உதவித்திட்டத்துக்கு என்று வைத்து வராமல் போனவை. ஒரு தாய் படிவத்தை இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "இது வீட்டுத்திட்டமோ மோனை?" என்று கேட்டா. இல்லை அம்மா, கதை கேட்க மட்டும்தான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்றிரவே எழுதி அனுப்பி, வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவில் வைத்தால் போதும் என்று மாற்றி எடுத்தேன். ஏழு கிழமை இழுபட்டது. அந்த ஏழு கிழமையும் பதிவுக் கருவியைத் தொடாமல், நாற்று நடுகிற இடத்திலும் செத்தவீட்டிலும் சும்மா இருந்தேன். இன்று யோசித்தால் நான் உருப்படியாகப் படித்தது அப்போதுதான்.

செத்தவீடு ஒன்றில் மலையகத்துப் பின்னணியுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னது என் ஆய்வையே திருப்பிப் போட்டது. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த குடும்பம். "நீங்க பெர்மிட்காரங்கள மட்டுந்தானே கேட்டு எழுதுறீங்க? அந்த வயல்ல இறங்கி வேலை செஞ்சது நாங்கம்மா." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. அம்மா சொன்ன நெல்லுமூட்டையைக் கட்டின கைகள் யாருடையவை என்று நான் நினைத்தும் பார்த்திருக்கவில்லை. இப்போது அவர்களுக்கென்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அது கடைசி அத்தியாயமாக இருக்காது.

பெர்மிட் என்று இங்கே சொல்லுவது 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம். காணி அரசாங்கத்தினுடையது. நினைத்தபடி விற்கவோ துண்டு போடவோ முடியாது. பின்னுரித்தை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை, எழுதி வைக்கவேண்டும். எழுதாமல் பெர்மிட்காரர் செத்தால், பிள்ளைகளில் ஆண்பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை என்று சட்டத்தின் அட்டவணை இருந்தது. 2022-ல்தான் அதைத் திருத்தினார்கள். எத்தனையோ பெண்கள் தாங்கள் நட்ட தென்னையின் கீழ் உரிமையில்லாமல் இருந்ததற்கு அந்த அட்டவணையும் ஒரு காரணம்.

உருத்திரபுரம் பக்கத்தில் எண்பதை நெருங்கிய ஓர் அம்மா இருக்கிறா. நாலாம் தரம் போனபோதுதான் அலுமாரிக்குள் இருந்து அந்தப் பையை எடுத்தா. வெளியே உரப்பை. அதற்குள் பொலித்தீன். அதற்குள் பழைய சேலைத்துண்டு. அதற்குள் எட்டாக மடித்த தாள். மடிப்புகள் தேய்ந்து, விரித்தபோது வெளிச்சம் ஊடாகத் தெரிந்தது. ஒரு மூலையில் செம்மண் ஊறிய கறை. தகப்பனின் பெயர், கீழே வேறு மையில் இவவின் பெயர். அண்ணன்மார் யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட, தகப்பன் மகளுக்குப் பின்னுரித்து எழுதியிருக்கிறார்.

"சத்ஜெயவுக்கு அக்கராயன் கொண்டு போனன். கடைசிச் சண்டைக்குத் தருமபுரம், விசுவமடு, பிறகு மாத்தளன். சோறு காச்சிற பானையை விட்டிட்டு வந்தன், இதை விடேல்லை. பங்கருக்குள்ளை நெஞ்சோடை வைச்சுக் குந்தியிருந்தனான். செம்மண் அதிலை பட்டதுதான்." அந்தக் கறையை விரலால் தொட்டுக் காட்டினா. முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்து, செட்டிக்குளம் முகாமுக்குள்ளும் அந்தப் பை வந்திருக்கிறது.

ஆவணக்காப்பகத்தில் கையுறை போட்டுத் தாள் புரட்டியிருக்கிறேன். அங்கே என் கை இப்படி நடுங்கியதில்லை.

போட்டோக் கொப்பி எடுக்கலாமோ என்று கேட்டேன். கொஞ்சநேரம் என்னையே பார்த்தா. "நானும் வாறன்" என்றா. ஓட்டோவில் மடியில் பையை வைத்துக்கொண்டு டவுன் வரைக்கும் வந்தா. கடைப் பெடியன் தாளைக் கண்ணாடியில் வைக்கக் கை நீட்ட, கொடுக்காமல் தானே விரித்து வைத்தா. இரண்டு கொப்பி. காசை நான் கொடுக்க விடவில்லை.

வெளியே வந்து ஒரு கொப்பியை என்னிடம் நீட்டினா. ஆய்வுக்கு எண் போட்டு வைக்கிறேன், ஒருத்தருக்கும் பேர் சொல்லமாட்டேன் என்று தொடங்கினேன்.

"அது உன்ரை படிப்புக்கு. நான் சொல்லுறது வேறை பிள்ளை. ஒண்டு உன்னட்டைக் கிடக்கட்டும். கனடாவிலை ஷெல் விழாது."