‘சரிபாதி’ என்ற ஒற்றை வரி

எங்கள் விவாகரத்து உத்தரவில் மகனின் வைத்தியம் பற்றி ஒரே ஒரு வரி: ‘மருத்துவச் செலவை இருவரும் சரிபாதியாக ஏற்க வேண்டும்’. கையெழுத்துப் போட்டபோது நியாயமாகத்தான் தெரிந்தது.

மகனுக்கு வீசிங் உண்டு. ஐப்பசி அடைமழையில் மூச்சுத்திணறல் அதிகமாகி, காரைக்குடி டாக்டர் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். நான்கு நாள் அட்மிஷன், பில் 38,400 ரூபாய். அவன் அப்பாவின் சென்னைக் கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் அவன் பெயர் இருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டவேண்டிய இன்சூரன்ஸ் இ-கார்டு மட்டும் என்னிடம் இல்லை. இரவில் அவர் போனை எடுக்கவில்லை. மறுநாள், “நீ கட்டிடு, அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கலாம்” என்றார். வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

ஒரிஜினல் பில்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கூரியரில் அனுப்பினேன். அனுப்பும் முன் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்தேன்; மருந்துக்கடை பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும். இரண்டு மாதம் கழித்து 19,200 ரூபாய் வந்தது. பாதி! இன்சூரன்ஸ் அவருக்கு 31,000 கொடுத்திருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் ஐயா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவரின் மகன். பேரேடு, ஐந்தொகை என்று கணக்குப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவர். “வந்த காசை வரவு வைக்காமப் பாதி போடுறது எந்த ஊர்க் கணக்கு ஆத்தா?” என்றார். இன்சூரன்ஸ் போக உண்மைச் செலவு 7,400. ஆளுக்கு 3,700. முழுப் பணமும் கட்டியவள் நான், ஆகவே எனக்கு வரவேண்டியது 34,700, பாக்கி 15,500. நான் சந்தோஷப்படுவதற்குள், “பிள்ளைக்கான பிரீமியம் அவன் சம்பளத்துலதானே பிடிக்கிறான், அதையும் எழுது” என்றார். வருஷத்துக்கு 4,800. அதில் என் பங்கு 2,400 கழித்து, 13,100. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அந்தப் பிரீமியம் வரிதான் பிறகு பேச்சை முடித்துக் கொடுத்தது.

கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி. அங்கிருந்த வக்கீலம்மா, 1956ஆம் வருஷ இந்து ஜீவனாம்சச் சட்டத்தில் ஜீவனாம்சம் என்றாலே வைத்தியமும் அடக்கம், பிள்ளையைப் பராமரிக்கும் கடமை தாய் தகப்பன் இருவருக்கும் உண்டு என்று விளக்கினார். சமரசப் பேச்சுக்கு மகனின் அப்பாவுக்கு நோட்டீஸ் போனது. பல்லவன் ரயிலில் வந்து இறங்கினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கணக்குத் தாளில் பிரீமியம் கழித்திருந்ததைப் பார்த்தபின் குரல் தணிந்தது.

13,100-ஐத் தர ஒத்துக்கொண்டார். புதிதாக எழுதியது இவ்வளவுதான்: இ-கார்டு என் போனிலும் இருக்கும், இன்சூரன்ஸ் தந்தது போக மீதிதான் பாதி, பில் 5ஆம் தேதிக்குள், பணம் 15ஆம் தேதிக்குள், அவசரமென்றால் முதலில் சேர்த்துவிட்டு அன்றைக்கே தகவல், மற்றபடி 5,000-க்கு மேல் என்றால் முன்கூட்டிக் கேட்க வேண்டும், மூன்று நாளில் பதில் இல்லையென்றால் சம்மதம். மதுரைக்குப் போன கார் வாடகையை அவர் ஏற்கவில்லை, விட்டுவிட்டேன். லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பதிவானது. அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

போன மாதம் மகனுக்குப் பவர் கண்ணாடி வாங்கினோம், 1,850 ரூபாய். கண்ணாடி வைத்தியச் செலவா என்று எங்கேயும் எழுதவில்லை. பட்டியலில் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். இன்றைக்குத் தேதி 11.