எழுபதைத் தாண்டியவரின் கல்லீரல் வந்தபோது

என் கணவருக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். குடியால் வந்ததில்லை, சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து கொண்டுவந்து விட்டது. வயிற்றில் நீர் கோத்து, அதை ஊசி வைத்து எடுப்பதும், அம்மோனியா ஏறி அவர் ஆளே குழம்பிப்போவதும் மாறி மாறி நடந்தது. மகன் கல்லீரல் தர முன்வந்தான். ஸ்கேனில் அவனுக்கும் கொழுப்பு இருந்ததால் மறுத்துவிட்டார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் தானத்துக்காக, மருத்துவமனை மூலம் மாநிலப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம்.

பதிவின்போதே ஒருங்கிணைப்பாளர் கேட்டார்: "வயசானவங்களோட உறுப்பு வந்தா ஏத்துக்குவீங்களாம்மா? இப்பவே யோசிச்சு வைங்க, போன் வந்த பிறகு நேரம் இருக்காது." அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

முதல் அழைப்பு வந்தது நாற்பதுகளில் இருந்த ஒருவருடைய கல்லீரலுக்கு. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து இவரைத் தியேட்டருக்கு அனுப்பத் தயாராக இருந்தோம். அங்கே உறுப்பை எடுக்கப் போன குழு, சிறு துண்டைச் சோதித்துப் பார்த்து, கொழுப்பு மிக அதிகம், வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வீட்டுக்குத் திரும்பினோம்.

அடுத்த அழைப்பில் கொடையாளிக்கு எழுபதைத் தாண்டிய வயது. மூளை ரத்தக்கசிவில் இறந்த பெரியவர். எனக்குக் கை நடுங்கியது. அறுவை நிபுணரிடம் நேராகவே கேட்டேன்: "இவருக்கே அறுபது ஆகலை. எழுபது வயசு ஈரல் எத்தனை நாளைக்கு வரும்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். இதயம், சிறுநீரகம் போல் கல்லீரல் வேகமாக மூப்படைவதில்லை. தேவைக்கு மேல் கையிருப்பு உள்ள உறுப்பு அது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் எண்பது வயதைத் தாண்டியவர்களின் கல்லீரலைக்கூடப் பொருத்துகிறார்கள். ஆபத்தையும் அவர் மறைக்கவில்லை. 2006-ல் வெளிவந்த அமெரிக்கக் கணக்கின்படி, 40-க்குக் கீழ் உள்ளவரின் கல்லீரலோடு ஒப்பிட்டால் 70-ஐத் தாண்டியவருடையது பழுதாகும் அபாயம் சுமார் 65 சதவீதம் அதிகம். பித்தநாளம் சுருங்கலாம், வேலை தொடங்கச் சுணங்கலாம். மறுபக்கம், இவருடைய மெல்ட் ஸ்கோர் (கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் எண், ஏற ஏற ஆபத்து) 20-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் மருத்துவமனையில் கிடப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். எதைத் தட்டில் வைத்து எதை நிறுக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் கேட்டுக்கொண்டது நாலு விஷயம். கொழுப்பு எவ்வளவு? கல்லீரலுக்குப் போகும் தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? ஐஸ் பெட்டியில் எத்தனை மணி நேரம் இருக்கும்? வாங்குபவருக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறதா? (மூத்தவர் கல்லீரலில் அந்தக் கிருமி வேகமாகத் திரும்பித் தாக்கியது ஒரு காலம், புதிய மாத்திரைகள் வந்தபின் அந்தப் பயம் குறைந்துவிட்டது.) இவருக்கு அது இல்லை, பெரியவரின் கல்லீரலில் கொழுப்பும் அதிகமில்லை. அவர் இருந்த மருத்துவமனை இதே ஊர் என்பதால் எட்டு மணி நேரத்துக்கு வெகு முன்பே பொருத்திவிடலாம் என்றார்கள். கையெழுத்துப் போட்டோம்.

முதல் வாரம் பிலிருபின் (ரத்தத்தில் சேரும் மஞ்சள் நிறமி) மெதுவாகத்தான் இறங்கியது. தினமும் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கவே பயம். பிறகு இறங்கி நின்றது. சில மாதம் கழித்து அரிப்பும் மஞ்சளும் எட்டிப் பார்த்தன: சொன்னபடியே பித்தநாளச் சுருக்கம். எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் (நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள், குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றினார்கள், ஒருநாள் எடுத்தும் விட்டார்கள். இதே நிலையில் இருக்கும் வீட்டாருக்குச் சொல்கிறேன்: அரிப்பு வந்தால் தோல் வறட்சி என்று விட்டுவிடாதீர்கள், அன்றே கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இப்போது, புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்க, டாக்ரோலிமஸ் மாத்திரை காலையும் இரவும், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்பதால் பம்ப்ளிமாஸ் பழம் வீட்டுக்குள் வருவதில்லை. வயிற்றில் நீர் இல்லை, குழப்பம் இல்லை. கடைக்கணக்கை மறுபடியும் இவரே பார்க்கிறார்.