தபால் போய் வரும் நாட்கள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் பல ஆண்டுகளாக மிக்சிங், அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சமன் செய்து கலக்கும் வேலை, செய்கிறேன். பகலெல்லாம் விளம்பரங்களும் குறும்படங்களும். இரவில், வேறோர் ஊரில் இருக்கும் நண்பரோடு சேர்ந்து எங்களுக்காகச் சில பாடல்கள். அந்த இரவு வேலை போன ஆண்டு ஏறக்குறைய நின்றே போனது. சண்டை எதுவும் இல்லை. நான் ஒரு தாளத்தைப் பாதி அமைத்து அனுப்புவேன். ஐந்தாவது நிமிடம் அவருடைய கருத்து வந்துவிடும். அவர் இரண்டு வரி பாடி அனுப்புவார். அவர் மூன்றாவது வரியை யோசிப்பதற்குள் நான் திருத்தம் சொல்லியிருப்பேன். எந்தப் பாட்டும் எங்கள் இருவரில் ஒருவரிடம்கூட ஓர் இரவு முழுதாகத் தங்கவில்லை.

அந்த நாட்களில்தான் 'தி போஸ்டல் சர்வீஸ்' (தபால் சேவை) என்ற அமெரிக்க இசைக்குழு உருவான கதைக்குத் திரும்பத் திரும்பப் போனேன். சியாட்டிலில் பென் கிப்பர்ட். 'டெத் கேப் ஃபார் க்யூட்டி' என்ற ராக் குழுவின் பாடகர். லாஸ் ஏஞ்சலிஸில் ஜிம்மி டாம்போரெல்லோ. 'டின்டெல்' என்ற பெயரில் மின்னிசை அமைத்தவர். டாம்போரெல்லோவின் 2001ஆம் ஆண்டு ஆல்பத்தில் கிப்பர்ட் ஒரு பாடல் பாடினார். அது இருவருக்கும் பிடித்துப்போனதால், சேர்ந்து ஒரு முழு ஆல்பமே செய்வது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் இருவருக்கும் சொந்த வேலைகள் இருந்தன. எனவே டாம்போரெல்லோ இசையை டிஜிட்டல் ஒலிநாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார். கிப்பர்ட் அதை வெட்டி ஒட்டி, தன் குரலைச் சேர்த்து, தபாலிலேயே திருப்பி அனுப்பினார். குழுவின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது.

ஒரு மிக்சிங் ஆளாக என்னை இங்கே பிடித்து நிறுத்துவது அந்த உறை பயணம் செய்த நாட்கள். உறையை ஒட்டி அனுப்பிய பிறகு, 'அந்த டிரம் ஓசையை மட்டும் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன்' என்று சொல்ல முடியாது. அதனால் அனுப்புகிறவர் தன் பங்கை ஓரளவு முடித்தே ஆக வேண்டும். பெறுகிறவருக்கோ பக்கத்தில் நின்று முகம் பார்க்க யாரும் இல்லை. தனி அறையில் துணிந்து வெட்டலாம். அந்த ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டால், இயந்திரத் தாளம் தன் போக்கில் துல்லியமாகத் துடிக்கிறது. அதன்மேல் குரல் அவசரமில்லாமல் நடந்து வருகிறது. ஒன்றின் கழுத்தை மற்றொன்று பிடிக்கவில்லை. ரைலோ கைலி குழுவின் ஜென்னி லூயிஸ் குரல் சேரும் இடங்களில் அது உரையாடலாகவே மாறிவிடுகிறது.

'கிவ் அப்' என்ற அந்த ஆல்பத்தை 2003 பிப்ரவரியில் சப் பாப் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கிப்பர்ட் தன் முழுநேரக் குழுவோடு 'டிரான்ஸ்அட்லான்டிசிசம்' ஆல்பத்தையும் கொண்டுவந்தார். பக்க வேலை முதன்மை வேலையின் சத்தை உறிஞ்சிவிடும் என்று எனக்குப் பல மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஓர் ஆண்டைக் கண்ட பிறகு அதை நான் நம்புவதில்லை.

பெயரால் வந்த சிக்கலும் உண்டு. 2003 ஆகஸ்டில், அந்தப் பெயர் தங்கள் வணிக முத்திரை என்று அமெரிக்கத் தபால் துறை கடிதம் அனுப்பியது. வழக்காடி மாய்வதற்குப் பதில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. குழு பெயரை வைத்துக்கொண்டது. பதிலுக்குத் தபால் சேவையை மக்களிடம் எடுத்துச் சொல்ல உதவியது. 2004இல் தபால் துறை அதிகாரிகளின் மாநாட்டில் பாடியது. துறை தன் இணையதளத்தில் அந்த ஆல்பத்தை விற்றது. ஒரு பெரிய அலுவலகம் ஒரு சிறிய குழுவிடம் இப்படி நடந்துகொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

விற்பனை மெல்லத்தான் ஏறியது. 2012இல் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினச் சான்று கிடைத்தது. சப் பாப்பின் விற்பனை வரலாற்றில் 'நிர்வாணா' ராக் குழுவின் முதல் ஆல்பத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இவ்வளவு ஆன பின்னும் இரண்டாவது ஆல்பம் வரவில்லை. 2013இல் பத்தாம் ஆண்டுக்கும், 2023இல் இருபதாம் ஆண்டுக்கும் மேடை ஏறினார்கள். இரண்டாம் முறை கிப்பர்ட் ஒரே இரவில் தன் இரு குழுக்களோடும் பாடினார். புதிய ஆல்பம் வராததில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தப் பெயருக்காக வலிந்து ஒன்றைச் செய்யாமல் விட்ட நேர்மையை மதிக்கிறேன்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். இனி பாதி டிராக் அனுப்புவதில்லை, வந்ததற்கு ஒரு வாரம் வரை கருத்தும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். கடந்த திங்கட்கிழமை ஒரு தாளத்தை முழுதாக முடித்து, பென் டிரைவில் ஏற்றி, உறையில் போட்டுத் தபால் பெட்டியில் சேர்த்தேன். இன்று வெள்ளி. உறை அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தாளத்தின் நடுவில் எட்டுத் தாளச் சுற்று வெறும் மௌனம் விட்டிருக்கிறேன். அங்கே அவர் என்ன பாடுகிறார் என்று கேட்க வேண்டும்.