காங்கயத்தில் ஒரு ஒழவு மழை

அக்டோபர் பிறந்தால் போதும், வெளிநாட்டில் இருக்கிற நண்பர்களுக்கெல்லாம் மரங்கள் மீது திடீர்ப் பாசம் வந்துவிடும். மேப்பிள் மரத்தடியில் நின்று ஒரு படம், உதிர்ந்த இலையை அள்ளி மேலே வீசி ஒரு படம், காப்பிக் கோப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம். அங்கே பகல் குறைந்து குளிர் ஏறும்போது இலையிலிருக்கும் பச்சையம் சிதைந்துபோகிறது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்கள் புதிதாகச் சிவப்பும் கட்டுகின்றன. அழகுதான், யார் இல்லை என்றது? நம்மூரில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போது யாரும் படம் எடுப்பதில்லை. வாசல் கூட்டுகிறவர்கள் வேப்பமரத்தை நாலு வார்த்தை திட்டுவதோடு சரி.

ஐப்பசியில் நமக்கு இருப்பது மழை. அதுவும் கொங்கு நாட்டில் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. காங்கயம், வெள்ளக்கோவில், மூலனூர் பக்கமெல்லாம் மழை மறைவுப் பிரதேசம். தென்மேற்குப் பருவமழை மேற்கே மலையிலேயே பெய்து தீர்த்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வந்து சேர்வது காற்று மட்டும்தான். ஆடியில் அந்தக் காற்று காற்றாலைகளைப் போட்டுச் சுற்று சுற்றென்று சுற்றிவிட்டு, ஐப்பசி வந்ததும் அடங்கிப்போகும். அதற்கப்புறம் வடகிழக்குப் பருவமழை கண் திறந்தால் உண்டு. அந்தக் கண் திறப்பு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க, தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் காங்கயத்திலிருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஈரோட்டில் ரயிலை விட்டு இறங்கி, சென்னிமலை வழியாகப் போகிற பஸ். சென்னிமலையில் ஒரு அம்மா போர்வைக் கட்டு ஒன்றை என் கால் மேல் வைத்துவிட்டு, "கொஞ்சம் புடிச்சுக்குங்க தம்பி" என்றார். காங்கயம் வரைக்கும் பிடித்துக்கொண்டே வந்தேன். கைத்தறிப் போர்வை என்ன கனம் இருக்கும் என்று கேட்டால் இப்போது சரியாகச் சொல்வேன். வழியில் பைக்கில் வந்த ஒருவர் சட்டென்று குறுக்கே புகுந்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, ஊட்டுல சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?" என்றார். திட்டும்போதுகூட மரியாதையை விடாத மண் இது. பைக்காரரும் கோபித்துக்கொள்ளாமல் "இல்லைங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் எனக்குப் பிடித்தது.

வீட்டில் நுழைந்ததும் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, இப்பிடி எளச்சுப்போயிட்ட?" என்றார். போன தடவையைவிட நான் நன்றாகவே பெருத்திருக்கிறேன். அம்மிச்சிகளின் தராசுக்கு முத்திரை வைக்க எந்த இலாகாவும் கிடையாது.

காங்கயத்தில் காலைநேரத்து மந்திரிசபை கூடுவது பேக்கரியில். கொங்கு நாட்டில் தெருவுக்கு ஒரு பேக்கரி இருக்கும். இரண்டு தேங்காய் பன், நாலு டீ, எட்டுப் பேர் பேச்சு என்பது கணக்கு. ஐப்பசியில் பேசுவதற்கு ஒரே பொருள்தான்.

"நேத்து ராத்திரி முத்தூருல ஒரு ஒழவு மழைங்களாமா."

"ஊதியூர்ப் பக்கமும் பேஞ்சுதுங்களாமா."

"நம்மூருல தூத்தலோட சரிங்க. நாம செஞ்ச பாவம்."

இவர்கள் யாரும் மில்லிமீட்டரில் மழையை அளப்பதில்லை. ஏர் ஓட்டுகிற அளவுக்கு மண் நனைந்திருந்தால் அது ஒரு ஒழவு மழை. அதற்குக் குறைந்தது எல்லாம் தூத்தல். கைபேசியில் வானிலை பார்த்து "எட்டு மில்லிமீட்டராம்" என்று நான் ஒரு புள்ளிவிவரத்தை எடுத்துவிட்டேன். பெரியவர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அதுல ஒழவு ஓட்டலாங்களா?" என்றார். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

மாமாவைப் பார்த்த பிறகுதான் இந்த ஊரின் மழைச் சிக்கல் எனக்கு முழுசாகப் புரிந்தது. காங்கயத்தைச் சுற்றி நெல்லரிசி ஆலைகள் ஒருபுறம், தேங்காய் எண்ணெய் ஆலைகள் மறுபுறம். எண்ணெய்க்குத் தேங்காய்ப் பருப்பு வேண்டும். பருப்புக்கு உலர்களம் வேண்டும். களத்துக்கு வெயில் வேண்டும். மாமா ஒரு களத்தில் கணக்கு பார்க்கிறார். அத்தோடு ஊருக்கு வெளியே அவருக்குக் கொஞ்சம் கொறங்காடும், அதாவது மேய்ச்சல் நிலமும், இருக்கிறது. காட்டுக்கு மழை வேண்டும். ஆக, வானம் கறுத்தால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவருக்கே தெரிவதில்லை.

ஒரு நாள் களத்துக்குக் கூட்டிப்போனார். மட்டை உரித்த தேங்காயை இரண்டாக உடைத்து, வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்க்கப் பரப்பியிருந்தார்கள். கண் கூசியது. ஓரிரு நாள் வெயில் பட்டதும் பருப்பு சுருங்கித் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, விட்டுக் கழன்றுகொள்ளும். நெம்பி எடுத்து, தொட்டியை ஒரு குவியலாகவும் பருப்பை ஒரு குவியலாகவும் பிரித்து, பருப்பை மறுபடியும் காயப்போட வேண்டும். தொட்டி கரி சுடப் போய்விடும். வரிசையாக உட்கார்ந்து பெண்கள் நெம்புகிற வேகத்தைப் பார்த்தால், பேச்சுக்கு அவர்கள் கை தாளம் போடுகிறதோ என்று இருக்கும். பேச்சு முழுக்க தீபாவளி போனஸ் பற்றி. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற மகளுக்கு எவ்வளவு வந்தது, மருமகனுக்கு எவ்வளவு வந்தது, அதில் கைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு.

மூன்று மணி வாக்கில் கிழக்கே ஒரு மேகம் எழும்பியது. பேச்சு அப்படியே நின்றது. ஈரம் பட்டால் பருப்பில் பூஞ்சை கட்டிவிடும், எண்ணெய் நிறம் மாறிவிடும், விலை இறங்கிவிடும். எங்கிருந்தோ தார்ப்பாய்கள் வந்தன. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மாமா கணக்கு நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் ஒரு முனையைப் பிடித்தார். அரைமணி நேரத்துக்குள் அத்தனை வெள்ளையும் நீலமாகிவிட்டது. தார்ப்பாய்மேல் கல் வைத்து முடித்து எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மேகம் மெதுவாக வெள்ளக்கோவிலைப் பார்த்துப் போய்விட்டது.

"மழை வேணுமா, வேண்டாமா, ஒண்ணு சொல்லுங்க மாமா" என்று கேட்டேன்.

"வேணும் மாப்ள. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, காட்டுல மட்டும்."

இடையில் ஒரு ஞாயிறு வந்தது. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் தயிர்ச் சாதத்தோடு தவமிருந்த ஊர், விடிவதற்குள் கறிக்கடை வாசலில் வந்து நின்றது. மாமா தூக்குப் போசியோடு ஆறு மணிக்குப் போயும் வரிசையில் அவர் எங்கேயோ கடைசியில். பருவம் மாறிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

அன்றிரவே மழை வந்தது. அதுவும் மாமா கேட்டபடி, இருட்டிய பிறகு. மழை விட்டதும் ஈசல் படையெடுத்தது. வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வாசலில் ஒரே ஒரு குண்டு பல்பைப் போட்டு, அதற்கடியில் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீரை வைத்தார் அத்தை. ஈசலெல்லாம் அங்கே போய்விட, நாங்கள் இருட்டில் உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டோம். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் பூண்டும் ஒன்றாக வெந்து, மேலே நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் அதற்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். மதியம் மிஞ்சிய கறிக்குழம்பும் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

காலையில் கொறங்காட்டுக்குப் போனோம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது வெறும் முள்வேலியாகத்தான் தெரியும். கொறங்காடு என்பது மாட்டுக்கும் ஆட்டுக்குமான மேய்ச்சல் காடு. ஆனால் ஊர்ப் பொதுவில்லை, அவரவர் பட்டா நிலம். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே வெள்வேல மரம். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று துணை. வேலி இருப்பதால் காவலுக்கு ஆள் வேண்டாம், காலையில் மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். வெள்வேலமரம் நிழலும் கொடுக்கும், காய்ந்த மாதங்களில் அதன் நெற்றும் ஆட்டுக்குத் தீனி. கொழுக்கட்டைப் புல் வெயிலில் செத்ததுபோலக் கிடக்கும், வேர் மட்டும் சாகாது.

கோடையில் இதே இடத்துக்கு நான் வந்திருக்கிறேன். கிளுவை ஒரு இலை இல்லாமல் வெறும் குச்சியும் முள்ளுமாக நிற்கும். மேப்பிளுக்கு இலையுதிர்காலம் என்றால் கிளுவைக்கு இது துளிர்காலம். வேலிகளுக்கு நடுவே போகிற பாதையான இட்டேரியின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலைகள் பொடிப்பொடியாகக் கிளம்பியிருந்தன. செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வெல்வெட் துணியில் வெட்டித் தைத்த சிவப்பு. ஒன்றை உள்ளங்கையில் எடுத்தால் காலையெல்லாம் மடக்கிக்கொண்டு செத்ததுபோல நடிக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் ஒவ்வொரு காலாக நீட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டு நான் குந்திக்கிடந்ததில், மாமா படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டு, திரும்பியும் வந்துவிட்டார்.

மாமாவிடம் இருப்பது ஒரு காங்கயம் பசுவும் அதன் கன்றும். கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாத வாக்கில் அந்தச் சிவப்பு மறைந்து சாம்பல் நிறத்துக்கு வரும். காளையாக வளர்ந்தால் திமிலும் கழுத்தும் கறுத்துக்கொள்ளும். மாமாவின் கன்று நடுவழியில் நின்றது, முதுகில் சாம்பல், காதோரம் இன்னும் செவலை. நிறம் மாறுகிற ஒன்றை ஐப்பசியில் பார்த்தே தீருவேன் என்பவர்கள் இந்தக் கன்றைப் பார்க்கலாம்.

மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு, "முக்கால் ஒழவு இருக்கும்" என்றார் மாமா. முகத்தில் சந்தோஷம். உடனே கைபேசி அடித்தது. களத்திலிருந்து. ஒரு தார்ப்பாயில் ஓட்டையாம். சந்தோஷம் போயிற்று.

சிவன்மலைக்கும் ஒரு நடை போய்வந்தோம். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற முருகன் கோயில். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்று சொல்வாராம். கோயிலில் பூ கேட்டு உத்தரவு கிடைத்தால், அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த கனவு வருகிற வரை அதுதான் இருக்கும், கெடு எதுவும் கிடையாது. தண்ணீர் வைத்தார்கள், 2004-இல் சுனாமி வந்தது என்பார்கள். மஞ்சள் வைத்தார்கள், மஞ்சள் விலை ஏறியது என்பார்கள். நான் போனபோது என்ன இருந்தது என்று சொல்லப்போவதில்லை, சொன்னால் நீங்களும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பீர்கள். படியிறங்கும்போது எங்களுக்கு முன்னால் போன இருவர் அதே பொருளை வைத்து, ஒருவர் மழை அதிகம் என்றும் மற்றவர் மழையே இல்லை என்றும் சாதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கனவில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு ஊரே ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து பேசிக்கொள்வது பிடித்திருந்தது.

கடைசியாக மூலனூர். வெள்ளக்கோவில் போய் அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். கண்வலிக்கிழங்குக் காடுகளைப் பார்க்க இதுதான் பருவம். கண்வலிக்கிழங்கு என்றால் வேறொன்றுமில்லை, நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான். இங்கே அதைப் பந்தல்போல் வரிசையாகக் கொடியேற்றி வெள்ளாமை செய்கிறார்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி எதையாவது பிடித்துக்கொள்கிறது. பூ விரியும்போது அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாளாக ஆக முழுக்கச் சிவந்துவிடுகிறது. காடு முழுக்க அப்படி நிற்கும்போது கொஞ்சநேரம் பேச வரவில்லை.

ஆனால் அங்கே எல்லாரும் அழகைப் பார்க்க நேரமில்லாமல் வேலையாக இருந்தார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன்னால் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் ஆட்கள் பூ பூவாகப் போய், மகரந்தத்தை எடுத்து சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். விதைக்குத்தான் காசு. யூரிக் அமிலம் ஏறி வருகிற மூட்டுவலிக்குக் கொடுக்கும் கோல்ச்சிசின் என்ற மருந்து இதிலிருந்து கிடைக்கிறது. கிழங்கும் விதையும் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து என்பதையும் அங்கே எல்லாரும் ஞாபகமாகச் சொல்கிறார்கள்.

"மழை எப்படிங்க?" என்று தோட்டத்துக்காரரிடம் கேட்டேன். இந்த ஊரில் வேறு என்ன கேட்பது?

"பேயட்டுங்க. ஆனா காலைல பத்து மணி வரைக்கும் வேண்டாம், தொட்டு வெச்ச மகரந்தம் கழுவிட்டுப் போயிரும்" என்றார். மாமா அவரை உடன்பிறப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மூலனூருக்குத் தாராபுரத்திலிருந்தும் பஸ் இருக்கிறது. காட்டுக்குள் இறங்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பூவைப் பறிக்காதீர்கள், ஒவ்வொரு பூவும் அவர்களுக்கு ஒரு காய். காலை ஒன்பதுக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் ஆட்கள் வரப்பேறிவிடுவார்கள், தூக்குப் போசியில் வந்த டீயும் தீர்ந்திருக்கும்.