தண்டையார்பேட்டை டிடிபி நாட்குறிப்பு

மே 18, 2025, ஞாயிறு

சென்னை பாரிமுனையில் அச்சுக் கடைகள் இருக்கும் ஆண்டர்சன் தெருவில், கணினியில் எழுத்தடித்துப் பக்கம் அமைக்கிற டிடிபி வேலை பார்த்தவரை, வேலை கொடுக்கிறவர்களைத் தேடிப் போனதே இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள், கை வேகமாக இருக்கிற ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டிலிருந்து தனியாகச் செய்யும்போது, தண்டையார்பேட்டையில் ஒருத்தி புத்தக லேஅவுட் போடுகிறாள் என்று யாருக்குத் தெரியும்? ஃபேஸ்புக், டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்கள்தான் இப்போது எனக்கு ஆண்டர்சன் தெரு.

இன்று சேலத்துக்காரர் ஒருவர் ஃபேஸ்புக் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழை ஒட்டினால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கீழே வரிசையாக "ஃபான்டை மாத்துங்க" என்று பதில்கள். ஃபான்டில் கோளாறே இல்லை. யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, அதன்பின் கொம்பு என்றுதான் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. பாராகிராஃப் பேனல் மெனுவில் 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று இருப்பதைத் தேர்வு செய்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். மாற்றுவதற்கு முன், மாற்றிய பின் என்று இரண்டு படம் எடுத்துப் போட்டேன்.

மே 23, வெள்ளி

அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத சிலர் உள்பெட்டியில் வந்து வேறு சந்தேகங்கள் கேட்டார்கள். வேலை தருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை, பரவாயில்லை. "டிடிபி வேலை இருந்தா சொல்லுங்க" என்று குழுவில் தினமும் யாராவது போடுகிறார்கள். அவர்கள் கை எப்படி என்று பார்க்காமல் யார் நம்பிக் கொடுப்பார்கள்? படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் பலர் நல்ல வேலைக்காரர்கள். செய்த பக்கம் ஒன்றைக் காட்டினாலே போதும்.

இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்தான் சேரலாம், நேற்று எழுதியது இன்று 'காலை வணக்கம்' படங்களுக்கு அடியில் போய்விடும். டெலிகிராமில் தேடினால் பழைய பதிலும் அகப்படும். அதனால் நீளமான விளக்கங்களை அங்கேதான் எழுதுகிறேன்.

மே 28, புதன்

வருமான வரிக் கணக்குக்கான கெடு ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. கூலி தரும்போதே டிடிஎஸ் என்று வரியாகப் பிடித்த பணம் போனது போனதுதானா என்று ஒரு தம்பி குழுவில் கேட்டான். நம் பான் எண்ணில் 26ஏஎஸ் என்ற வரிப் பட்டியலில் ஏறியிருக்கும், கணக்குத் தாக்கல் செய்தால் வரி போக மிச்சம் திரும்பி வரும் என்று குழுவில் இருக்கும் ஆடிட்டர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஆள் குழுவில் இருப்பது பெரிய பலம்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் ஒரு பதிப்பாளரிடமிருந்து போன். "மதுரை அக்கா உங்க பேரைச் சொன்னாங்கம்மா." புரூஃப் பார்க்கிற (அச்சுக்கு முன் பிழை திருத்துகிற) அந்த அக்காவை நான் நேரில் பார்த்ததே கிடையாது. டெலிகிராமில் அவர் கேட்டதற்கு நான், நான் கேட்டதற்கு அவர் என்று எழுதிக்கொண்டதுதான் பழக்கம்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே இதைப் பற்றி எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் சேதி எட்டத்துப் பழக்கத்தில்தான் வரும் என்றார். லிங்க்ட்இனில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ரொம்ப நெருக்கமும் இல்லாமல் ரொம்பத் தூரமும் இல்லாமல் இருக்கிற பழக்கமே புது வேலைக்கு அதிகம் உதவியது என்று அதில் கண்டார்கள். மதுரை அக்கா அப்படிப்பட்ட தூரத்தில்தான் இருக்கிறார்.

வந்த வேலை, பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில், யூனிகோடு இல்லாத பழைய ஃபான்டில் அடித்த புத்தகம், யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

எழுத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டரில் போட்டு எடுப்பது நிமிஷ வேலை, அதற்கப்புறம்தான் பாடு. 'கௌரவம்' என்பது கெ, அடுத்து ள என்று தனித்தனியாக வந்திருக்கிறது. அச்சில் வித்தியாசம் தெரியாது, மின்நூலில் தேடினால் சிக்காது. மொத்தமாக ரீப்ளேஸ் கொடுக்கவும் முடியாது. வெளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் கெட்டுவிடும். ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அதேபோல் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர'. எங்கெங்கே தேட வேண்டும் என்று எழுதி டெலிகிராமில் போட்டேன். "தொழில் ரகசியத்த ஏன்க்கா சும்மா கொடுக்கற?" என்று கொருக்குப்பேட்டை தம்பி கேட்டான். இந்தப் பொறுமை உள்ளவர்கள் பெருகினால் தமிழ்ப் புத்தகங்கள் தப்பில்லாமல் வரும். எனக்கு அது முக்கியம்.

ஜூன் 14, சனி

மீன்பிடித் தடை இன்று நள்ளிரவோடு முடிகிறது. காசிமேட்டில் ஐஸ் லாரிகள். எங்கள் தெருவில் பாதி வீடு தூங்காது.

பதிப்பாளர் அட்டையும் கேட்டார். அட்டை என் கைவேலை இல்லை. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒவ்வொரு மின்நூலிலும் அட்டைப்படம் யார், மின்நூலாக்கம் யார் என்று பெயர் போடுவார்கள். அப்படிப் பார்த்து மனதில் வைத்திருந்த நெல்லைப் பையனைக் கோர்த்துவிட்டேன். "உன் ரேட்டை நீயே பேசு தம்பி, எனக்குக் கமிஷன் எதுவும் வேணாம்" என்றேன். நம்ப முடியாமல் இரண்டு தரம் கேட்டான்.

ஜூன் 21, சனி

வேறொருவர் "சாம்பிளுக்கு" 40 பக்கம் இலவசமாகச் செய்து தரச் சொன்னார். இரண்டு பக்கம் செய்கிறேன் என்றேன், ஆள் அப்புறம் பேசவே இல்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ப்ரோஸ் தளத்தில் புளூ போர்டு என்ற மதிப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. வேலை கொடுத்தவரோடு மறுபடி சேர்வீர்களா என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். எனக்குத் தெரிந்து டிடிபிக்காரர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. குழுவில் பெயரைப் போட்டுத் திட்டுவது எனக்குப் பிடிக்காது, வம்பில் முடியும். "இவரோட வேலை செஞ்சிருக்கீங்களா?" என்று தனியாக நாலு பேரைக் கேட்டாலே விஷயம் வந்துவிடுகிறது.

ஜூலை 5, சனி

மதுரை அக்கா உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னை வந்திருந்தார். பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டே பேசினோம். முகம்தான் புதுசு, பேச்சு பழகினதுதான். "நீ எனக்குத் தனி ரேட் சொல்லாத, புரூஃப், லேஅவுட், அட்டை மூணும் சேர்த்து ஒரே கொட்டேஷனா கொடுப்போம்" என்றார். அங்கேயே நெல்லைத் தம்பிக்குப் போன் போட்டோம். பாதிப் பணம் முன்பணம், புரூஃப் இரண்டு சுற்று, அதற்கு மேல் போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. அவனுக்கும் சம்மதம். எங்கள் முதல் கொட்டேஷன், அக்காவுக்குத் தெரிந்த இன்னொரு பதிப்பாளருக்குத் திங்கட்கிழமை போகிறது. மூன்று பேர் பெயரும் அதில் இருக்கும்.