லேசர ட்யூன் பண்ணி வாயுவ அளக்குறது

காத்துல மீத்தேன் சுமார் 2 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சம் மூலக்கூறுல ரெண்டு, அதையும் லேசர் வச்சு அளந்துரலாம்ங்கறது எனக்கு இன்னமும் பிரமிப்பாதான் இருக்கு. டயோடு லேசருக்குப் போற கரண்ட்ட லேசா ஏத்தி இறக்குனா அலைநீளம் நகரும், 1.65 மைக்ரான் பக்கம் மீத்தேனோட உறிஞ்சல் கோட்டை, அதாவது மீத்தேன் ஒளிய உறிஞ்சுற குறிப்பிட்ட அலைநீளத்தை, தாண்டும்போது ஒளி கொஞ்சம் குறையும், அந்தக் குறைவ வச்சுதான் கணக்கே. ஆனா அது ரொம்பச் சின்னது. அதனால எதிரெதிரா ரெண்டு கண்ணாடி வச்சு ஒளிய திரும்பத் திரும்ப ஓடவிட்டு பாதைய நீட்டுவாங்க, செவ்வாய்ல இருக்குற கியூரியாசிட்டி ரோவர்லயும் இதே டெக்னிக்தான், 20 சென்டிமீட்டர் செல்லுக்குள்ள (வாயுவ அடைக்குற சின்ன அறை) 81 தடவ, கிட்டத்தட்ட 17 மீட்டர்! செல்லுல அழுத்தத்தக் குறைச்சா கோடு ஒல்லியாகும், பக்கத்துல இருக்குற நீராவிக் கோட்டோட கலக்காது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான்.